ரியூவுக்கு காம்போவும் செட்டப்பும் கத்துக்கறது எப்படி: நம்ம சேலம் பசங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

அம்மாபேட்டைல எங்க வீட்டு மாடில ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா நாலஞ்சு பேர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 (ரெண்டு பேர் மோதிக்கற சண்டை வீடியோ கேம்) ஆட கூடிருவோம், புதுசா வர்ற தம்பிங்க எல்லாரும் சுத்தி சுத்தி இதே கேள்விங்களைத்தான் கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் முதல்ல இருந்து சொல்லி வாய் வலிக்குது, அதான் உக்காந்து எழுதிட்டேன். நான் ஆடறது அதுல வர்ற ரியூங்கற கேரக்டர், அதனால உதாரணம் எல்லாம் ரியூதான். நான் ஒன்னும் பெரிய ப்ளேயர் கிடையாது, நெறைய தோத்து நெறைய தப்பா பழகி அப்புறம் மாத்திக்கிட்டவன், அவ்ளோதான்.

காம்போ, செட்டப் ரெண்டும் ஒன்னுதானண்ணா?

இல்லடா. மொத அடி பட்டதுக்கு அப்புறம் எதிராளி பிளாக் பண்ண (தடுக்க) வழியே இல்லாம தொடர்ந்து விழற அடிங்கதான் காம்போ. அது முடிஞ்சு அவன் கீழ விழுந்து கெடக்கான்ல, எந்திரிக்கறதுக்குள்ள நீ எங்க போய் நிக்கற, எந்த நேரத்துல எந்த பட்டனை அமுக்கற, அது செட்டப்பு. முக்காவாசி பேர் காம்போவை மட்டும் மாசக்கணக்குல பழகிட்டு, அடிச்சு கீழ தள்ளுனதும் ரெண்டு அடி பின்னால வந்து ஹடோகென் (கைல இருந்து வீசற சக்தி உருண்டை) போட்டுட்டு நிப்பாங்க. பாடுபட்டு கெடச்ச வாய்ப்பை அங்கயே விட்டுடறாங்க.

இன்னொரு விஷயம், காம்போங்கறதே யாரும் பிளான் பண்ணி வெச்சது இல்ல. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 (1991ல வந்துச்சு) பண்ணிட்டு இருக்கறப்ப, காரை ஒடைக்கற போனஸ் ஸ்டேஜை செக் பண்ணுன தயாரிப்பாளர் நோரிடாகா ஃபுனாமிசு, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல இன்னொரு அடி நுழையுதுன்னு கவனிச்சாரு. அப்படியே விட்டுட்டாங்க. அந்த ஓட்டைலதான் இன்னைக்கு இந்த மொத்த வெளையாட்டும் நிக்குது.

236, 214, 623ன்னு நம்பர் நம்பரா எழுதறாங்களே, அது என்ன ஓடிபியா?

கீபோர்டுல வலது பக்கம் நம்பர் பட்டன்ங்க தனியா இருக்கும் பாரு, அதுதான். நடுவுல இருக்கற 5 நீ சும்மா நிக்கறது, 6 முன்னாடி, 4 பின்னாடி, 2 கீழ, 8 மேல. 236னா கீழ இருந்து அப்படியே முன்னாடி உருட்டறது, பஞ்ச் சேத்தா ஹடோகென். 623 பஞ்ச் ஷோர்யுகென் (மேல எழும்பிக் குத்தறது), 214 கிக் டட்சுமாகி (சுழன்டு உதைக்கறது), 236 கிக் ஹை பிளேட் கிக். இந்த மாதிரி அடிங்கதான் ஸ்பெஷல். ஃபோன்ல இருக்கற நம்பர் மாதிரி நெனச்சுறாத, ஃபோன்ல 1 2 3 மேல இருக்கும், எல்லாம் தலைகீழா போயிரும். செவ்வாய்பேட்டை மண்டில டேலி அடிக்கற எங்க மாமாவுக்கு இதை ஒரே நிமிஷத்துல புரிய வெச்சுட்டேன், எனக்கு புரிய ஒரு வாரம் ஆச்சு.

மொத மொதல்ல எத்தனை காம்போ கத்துக்கணும்?

மூணு. மூணே மூணு. நான் ஆரம்பத்துல நோட்டு போட்டு இருபத்தி ஏழு எழுதி வெச்சிருந்தேன், மேட்ச்ல ஒன்னு கூட வரல.

பஞ்ச், கிக் ரெண்டுலயும் லைட், மீடியம், ஹெவின்னு மூணு பலம் உண்டு. ஒன்னாவது, கிட்ட நிக்கறப்ப: உக்காந்து லைட் பஞ்ச் ரெண்டு, அதுல இருந்து ஷோர்யுகென். லைட்டை சேத்துட்டே போனா அவன் தள்ளிப் போயிருவான், ஷோர்யுகென் காத்துல போகும், அதனால ரெண்டோட நிறுத்து. ரெண்டாவது, கொஞ்சம் தள்ளி நிக்கறப்ப: உக்காந்து மீடியம் கிக், அதுல இருந்து ஹடோகென். கால்ல படற அடி, நின்னுட்டு பிளாக் பண்றவனுக்கு விழும். மூணாவது, அவன் பெருசா தப்பு பண்ணி காலியா நிக்கறப்ப: குதிச்சு ஹெவி கிக், கீழ வந்ததும் உக்காந்து ஹெவி பஞ்ச், அதுல இருந்து ஹெவி ஷோர்யுகென். அவன் ஷோர்யுகென் போட்டு மிஸ் ஆகி மேல இருந்து வர்றான்னா குதிக்கக் கூட வேண்டாம், ஹெவி பஞ்ச்ல இருந்து ஆரம்பி.

இதுல எதைக் கத்துக்கிட்டாலும் கடைசி அடியை முதல்ல முடிவு பண்ணு, நான் சொல்றதுலயே இதுதான் முக்கியம். நம்மூரு தட்டுவடை செட்டு எடுத்துக்க, கீழ ஒரு தட்டுவடை, நடுவுல சட்னி, துருவுன பீட்ரூட்டு கேரட்டுன்னு என்ன வேணா மாத்தலாம், ஆனா மேல ஒரு தட்டுவடை வெச்சு மூடுனாதான் கைல எடுத்து வாய்ல போட முடியும். காம்போலயும் அப்படித்தான், நடுவுல எது வந்தாலும் மூடற அடிதான் அடுத்து என்ன நடக்கும்னு முடிவு பண்ணுது. ஷோர்யுகென்ல முடிச்சா டேமேஜ் நல்லா வரும். டட்சுமாகியோ ஹை பிளேட் கிக்கோ போட்டு முடிச்சா அவன் கார்னர் (திரையோட ஓரம்) பக்கம் போவான். வெறும் ஹடோகென்ல முடிச்சா அவன் விழவே மாட்டான், நின்னுட்டே இருப்பான், அப்ப செட்டப்புக்கே வேலை இல்ல. அவன் உயிர் கொஞ்சமா இருந்தா டேமேஜ், நெறைய இருந்தா கார்னர். நான் இப்படித்தான் பாக்கறேன்.

லிங்க், கேன்சல்னு சொல்றாங்களே?

ஒரு அடியோட அசைவு முடியறதுக்கு முன்னாடியே பாதில வெட்டி அடுத்ததுக்கு போறது கேன்சல், மீடியம் கிக்ல இருந்து ஹடோகென் போறது அதுதான். ஒரு அடி முழுசா முடிஞ்சு கை பழைய இடத்துக்கு வந்ததுக்கு அப்புறம், எதிராளி இன்னும் அந்த அதிர்ச்சில இருந்து வெளிய வரல, அந்த சின்ன இடைவெளில அடுத்த அடியை வெக்கறது லிங்க். கேம் ஒரு செகண்டுக்கு 60 ஃப்ரேம் (திரைல மாறற படம்) ஓடுது, லிங்க்குக்கு கெடைக்கற இடம் அதுல சில ஃப்ரேம்தான். ஆனா பயப்படாத, கொஞ்சம் முன்னாடியே அமுக்குனாலும் கேம் ஞாபகம் வெச்சுக்கும், பழைய ஸ்ட்ரீட் ஃபைட்டர் அளவுக்கு கொடுமை இல்ல.

லிங்க்கை கண்ணால பாத்து பழகாத, காதால பழகு. எங்க வீட்டுக்கு பக்கத்துல தறி ஓடுது, டக்கு டக்குன்னு ஒரே அளவுல, அந்த வீட்டுல பொறந்த பையன் ஒருத்தன் எங்ககூட ஆடறான், அவனுக்கு லிங்க் மட்டும் மொத நாள்லயே வந்துருச்சு. எப்படிடான்னு கேட்டா "தறி சத்தம் மாதிரி எண்ணிக்கறேங்ணா"ன்னான். பட்டனை பதட்டத்துல நாலு தடவை தட்டறது ரொம்ப கெட்ட பழக்கம், அதை விடறதுக்கே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

ட்ரெயினிங்ல பத்துக்கு பத்து வருது, மேட்ச்ல ஒன்னு கூட வர மாட்டேங்குதே?

எல்லாரும் கேக்கறது இதுதான், அதனால கொஞ்சம் பெருசாவே சொல்றேன்.

ஏற்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு. வண்டி ஓட்டக் கத்துக்கறவன் ஆளே இல்லாத காலை நேரத்துல இருபதையும் அழகா திருப்பிருவான். அதே ஆளு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எறங்கறப்ப, வளைவுல எதிர பஸ்ஸு வந்து நிக்குது, பின்னால டூரிஸ்ட் கார்க்காரன் ஹாரன் அடிக்கறான், அப்ப எந்த கியர்ல இருக்கோம்னே மறந்துரும். ட்ரெயினிங்ல நிக்கற பொம்மை ஆளில்லாத ரோடு. அதுல உனக்கு காம்போ வருதுன்னா கை தயாரா இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், அடி பட்டுச்சா பிளாக் ஆச்சான்னு பாத்து முடிவெடுக்க உன் மூளை இன்னும் பழகல.

அதனால பொம்மையை சும்மா நிக்க விடாத. செட்டிங்ல போய் பிளாக் பண்றதை ரேண்டம்னு வை, சில நேரம் பிளாக் பண்ணும், சில நேரம் வாங்கும். ரெண்டு லைட் பஞ்ச் அடி, பட்டா மட்டும் ஷோர்யுகென், பிளாக் ஆச்சுன்னா சும்மா நில்லு. பிளாக் ஆன ஷோர்யுகெனுக்கு வாங்கற அடி இருக்கு பாரு, அது ஒரு ரவுண்டையே முடிச்சுரும். நம்ம கண்ணு ஒன்னைப் பாத்து கை வேலை செய்ய சுமார் கால் செகண்ட், அதாவது 15 ஃப்ரேம் ஆகும், ஒரே ஒரு அடில அவ்ளோ நேரம் கெடைக்கவே கெடைக்காது, ரெண்டு லைட் எதுக்குன்னா அந்த நேரத்தை வாங்கிக்கறதுக்குத்தான். மீடியம் கிக்குக்கு வேற வழி, அது படாத தூரத்துல காலை நீட்டி கூடவே ஹடோகென் இன்புட்டையும் கொடுத்து வெக்கறது. கால் எதுலயும் படலைன்னா ஹடோகென் வராது, அவன் முன்னாடி நடந்து வந்து மாட்டுனா தானா வரும்.

அப்புறம் பக்கம். எல்லாரும் இடது பக்கமே நின்னு பழகுவாங்க, மேட்ச்ல ஒரு தடவை அவன் தாண்டிக் குதிச்சான்னா கையே ஓடாது. தெனமும் இருபது நிமிஷம் பழகறன்னா பத்து நிமிஷம் வலது பக்கம் நின்னு பழகு. எனக்கு வலது பக்கத்துல ஷோர்யுகென் இன்னமும் பத்துக்கு எட்டுதான்.

2004ல ஈவோங்கற சண்டை கேம் போட்டில டைகோ உமேஹாரா கென் வெச்சு ஜஸ்டின் வாங்கோட சுன்-லீ சூப்பரை (மீட்டர் சேத்து போடற பெரிய அடி) அத்தனை உதையும் பேரி பண்ணி (சரியான நேரத்துல தட்டி விட்டு) தடுத்த வீடியோ பாத்திருப்ப, பாக்கலைன்னா இன்னைக்கே பாரு. பிளாக் பண்ணாலே செத்துருவாரு, அவ்ளோ கொஞ்சம் உயிர். எல்லாரும் தடுத்ததைப் பத்தியே பேசறாங்க. எனக்கு அதைவிட பெருசு, ஜனம் மொத்தமும் எந்திரிச்சு கத்திட்டு இருக்கறப்ப அந்தாளு கை நடுங்காம காம்போவைப் போட்டு சூப்பர்ல முடிச்சாரே, அதுதான்.

யூட்யூப்ல ஒரே காம்போல பாதி உயிர் போகுதே, அதை கத்துக்கலாமா?

பாக்கலாம், தப்பில்ல. ஆனா கணக்கை பாரு. அதுல முக்காவாசி ஆறு டிரைவ் கட்டையையும் (உயிருக்கு கீழ இருக்கற மீட்டர்) மூணு கட்டை சூப்பர் மீட்டரையும் சேத்து காலி பண்றது. அடி பட்டதும் கேன்சல் பண்ணி டிரைவ் ரஷ் (வேகமா முன்னாடி பாயறது) போக மூணு கட்டை, ஓவர்டிரைவ் அடி (ஸ்பெஷலோட பலமான வடிவம்) ஒவ்வொன்னுக்கும் ரெண்டு. முழுசா தீந்துச்சுன்னா பர்ன்அவுட், அப்ப பிளாக் பண்ணாலும் ஸ்பெஷல் அடிக்கு உயிர் கொறையும், கார்னர்ல வெச்சு அவன் டிரைவ் இம்பாக்ட் (நம்ம அடியைத் தாங்கிட்டே வர்ற பெரிய அடி) அடிச்சா தலை சுத்தி நிப்ப. அவன் சாகறதா இருந்தா எல்லாத்தையும் செலவு பண்ணு. சாக மாட்டான்னா, மாசக் கடைசில சம்பளம் மொத்தத்தையும் அழிச்சுட்டு நிக்கற கதைதான்.

இன்னொன்னு, காம்போ நீள நீள ஒவ்வொரு அடியோட டேமேஜும் கொறைஞ்சுட்டே வரும், லைட்ல ஆரம்பிச்சா இன்னும் கொறையும். ரியூவுக்கு உயிர் 10000, மூணாவது லெவல் சூப்பர் தனியா பட்டா 4000. எவ்ளோ நீள காம்போவோட வால்ல ஒட்டுனாலும் அது பாதிக்கு கீழ எறங்காது, அதாவது 2000 உறுதி. அதனால நீளமா போயி சூப்பர் போடறதுக்கும் சின்னதா போயி சூப்பர் போடறதுக்கும் நீ நெனைக்கற அளவு வித்தியாசம் இல்ல. சின்னதுல கை வழுக்கறதும் கம்மி.

சரி, செட்டப்பை எப்படி நாமளே உருவாக்கறது?

எனக்கு ரொம்ப பிடிச்ச வேலையே இதுதான், மேட்ச் ஆடறதை விட.

மொதல்ல உன் மூணு காம்போல ஒன்னை எடு. கடைசி அடில அவன் விழறான், அங்க இருந்து அவன் எந்திரிக்கற வரைக்கும் உனக்கு எவ்ளோ நேரம்னு பாரு, ட்ரெயினிங்ல கீழ ஃப்ரேம் மீட்டர் ஓடும், கலர் கலரா கட்டமா காட்டும். அந்த நேரத்துல ஒரு டேஷ் (முன்னாடி சட்டுனு பாயறது) போயிட்டு பாக்கியை எண்ணு. அவன் எந்திரிக்கற மொத ஃப்ரேம்லயே உன் அடி அவன் மேல இருக்கற மாதிரி வந்துச்சுன்னா அதுக்கு பேர் மீட்டி. அதுக்கு மேல அவனால சும்மா பட்டன் தட்டி தப்பிக்க முடியாது, அவன் அடி வெளிய வர்றதுக்குள்ள உன் அடி பட்டுரும்.

அடிப்பேன்னு அவன் நம்பி பிளாக் பண்ணிட்டே உக்காந்தா, நடந்து போய் த்ரோ (புடிச்சு தூக்கிப் போடறது, பிளாக்கால தடுக்க முடியாது) போடு. த்ரோவுக்கு பயந்து அவன் த்ரோ தடுக்கற பட்டனை அமுக்க ஆரம்பிச்சா, த்ரோ போடற மாதிரி கிட்ட போயிட்டு சட்டுனு பின்னால வா, அவன் கை காத்தை புடிக்கும், அப்ப உன் மூணாவது காம்போ. பேரியை புடிச்சுட்டே நிக்கறானா, த்ரோ போட்டா பனிஷ் கவுண்டரா (தப்புல மாட்டுனவனுக்கு விழற கூடுதல் அடி) விழும், டேமேஜ் இன்னும் ஜாஸ்தி. ஒரே செட்டப்ல இருந்து இந்த மூணும் ஒரே மாதிரி தெரியற மாதிரி ஆரம்பிக்கணும், அவனுக்கு கடைசி வரைக்கும் எது வரும்னு தெரியக் கூடாது. அதுலதான் இருக்கு எல்லாம்.

இதுல ஒரு தலைவலி ஓவர்டிரைவ் ஷோர்யுகென் மாதிரி அடிங்க, எந்திரிக்கறப்ப போட்டா உன் மீட்டியை ஊடுருவி வந்து தாக்கும். அதுக்குத்தான் சேஃப் ஜம்ப். அவன் எந்திரிக்கற நேரத்துக்கு சரியா நீ குதிச்சு கீழ வர்ற மாதிரி கணக்கு போட்டு, தரையை தொடற கடைசி நொடில கிக் அடிக்கற. அவன் பிளாக் பண்ணா பிளாக், சும்மா இருந்தா படும். அவன் ஷோர்யுகென் போட்டான்னா அது வெளிய வர்றதுக்குள்ள நீ தரைல நின்னு பின்னாடி புடிச்சுட்டு இருப்ப, பிளாக் ஆயிரும், அப்புறம் மேல போனவன் கீழ வந்துதானே ஆகணும். நேரம் சரியா உக்காரலைன்னா குதிக்கறதுக்கு முன்னாடி ஒரு டேஷோ காத்துல ஒரு லைட்டோ போட்டு நேரத்தை தின்னு பாரு. டம்மிக்கு (அதே ட்ரெயினிங் பொம்மை) ஒரு ஸ்லாட்ல பிளாக், ஒன்னுல ஓவர்டிரைவ் ஷோர்யுகென், ஒன்னுல லைட் பஞ்ச்னு பதிஞ்சு ரேண்டமா விட்டு நூறு தடவை பண்ணு. மூணுக்கும் நீ அடி வாங்காம இருந்தா அது நெஜ செட்டப்பு.

ஒன்னை மறந்துறாத, விழுந்தவன் அதே எடத்துல எந்திரிக்கலாம், பின்னால உருண்டும் எந்திரிக்கலாம். நீ ஒன்னுக்கு மட்டும் பழகிட்டு போனா இன்னொன்னுல தூரம் எட்டாது. கார்னர்ல பின்னால போக எடமே இல்ல, அதனால மொத செட்டப்பை கார்னர்ல கட்டு.

ரியூவுக்குன்னு தனியா ஒன்னு இருக்கு, டென்ஜின் சார்ஜ். 22 பஞ்ச். அவன் தூரமா விழுந்து ஓடிப் போய் பிடிக்க நேரம் இல்லைன்னா நின்ன எடத்துலயே அதைப் போட்டு வெச்சுக்க, அடுத்த ஹடோகெனோ ஹஷோகெகியோ (கிட்டத்துல உள்ளங்கையால அடிக்கற ஸ்பெஷல்) கரண்டோட வரும். எதிராளி ஹடோகென் போட்டு சண்டை போடற ஆளா இருந்தா ரொம்ப உபயோகம். பக்கத்துல விழுந்தப்ப ஆசைப்பட்டு போட்டுட்டு நிக்காத, எந்திரிச்சு மூஞ்சில குத்துவான்.

மாடர்ன் கண்ட்ரோல்ல ஆடறேன்னு சொன்னா சிரிக்கறாங்க.

சிரிக்கட்டும். ஒரே பட்டன்ல ஸ்பெஷல் வரும், அதுக்கு விலையா டேமேஜ்ல 20 சதவீதம் கொறையும், சில சாதா அடிங்க கெடைக்காது. இன்புட்டை கையால முழுசா போட்டா மாடர்ன்லயும் முழு டேமேஜ் உண்டு. குதிச்சு வர்றவனை ஒத்தை பட்டன்ல கீழ எறக்கறதைப் பாத்தா எனக்கே பொறாமையா இருக்கும்.

வீட்டுல சாதா கீபோர்டுதான் இருக்கு.

போதும். மூணு பட்டன் ஒன்னா அமுக்கறப்ப ஒன்னு பதியலைன்னா அது உன் தப்பில்ல, விலை கம்மியான கீபோர்டு சிலதுல அப்படி இருக்கும், வேற எழுத்துக்கு பட்டனை மாத்திப் பாரு.

நான் ஏற்காட்டுல இருக்கேன், ஆன்லைன்ல காம்போ நடுவுல சிக்குதே?

ஆன்லைன் மேட்ச் ரெண்டு பேருக்கும் நேரடியா நடக்கறது, ரோல்பேக் நெட்கோடு (தாமதம் ஆனா கேம் யூகிச்சு ஓட்டி அப்புறம் திருத்திக்கற முறை), அதனால எதிராளி எவ்ளோ தூரத்துல இருக்கான், ரெண்டு பேர் லைனும் எப்படி இருக்குங்கறதுதான் கணக்கு. மேட்ச் ஏத்துக்கறதுக்கு முன்னாடி அவன் வயர்ல இருக்கானா வைஃபைல இருக்கானான்னு காட்டும், வைஃபைன்னா யோசிக்காம வேண்டாம்னு சொல்லிரு. நீயும் வயர் போடு. எங்க சித்தி வீடு அங்கதான், மழைல கரண்டு போயி, கரண்டு வந்தா நெட்டு போயி, கம்பெனிக்கு ஃபோன் போட்டா ரெண்டு நாள்ல ஆள் வரும்னாங்க, பத்து நாள் ஆச்சு. அந்த பத்து நாளும் ட்ரெயினிங்ல உக்காந்துதான் என் சேஃப் ஜம்பை கண்டுபிடிச்சேன், அதுக்கு நெட் வேண்டாம்ல.

எனக்கு 38 வயசுங்க, சின்ன வயசுல கடைல டெக்கன் 3 ஆடுனதோட சரி. இப்ப வருமாங்க?

வரும்ங்க. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டில (2023 செப்டம்பர்) ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5க்கு தங்கம் வாங்குன கொரியாக்காரர் கிம் குவான்-வூவுக்கு அப்ப 44 வயசு. டெக்கன்ல இருந்து வர்றீங்கன்னா ஒன்னு மட்டும் மாத்திக்கோங்க, அங்க மாதிரி தூக்கி காத்துலயே வெச்சு பந்தாடறது இங்க கம்மி, தரைல சின்ன சின்னதா அடிச்சு முடிச்சுட்டு அடுத்த ஆட்டத்துக்கு போயிரணும். எடி கோர்டோங்கற கேரக்டரை வெச்சு கண்ணை மூடிட்டு கிக்கை தட்டுன ஆளா நீங்க? அப்படின்னா மட்டும் கொஞ்சம் கஷ்டம்ங்க.

அப்டேட் வந்து எல்லாத்தையும் மாத்திட்டா பழகுனது வீணா?

ஃப்ரேம் மாறும், கை மாறாது. அப்டேட் வந்த அன்னைக்கு உன் மூணு காம்போவையும் செட்டப்பையும் ஒரு தடவை டம்மி மேல போட்டுப் பாரு, எது உடைஞ்சிருக்கோ அதை மட்டும் சரி பண்ணு. அரை மணி நேர வேலை.

ஞாயித்துக்கிழமை நானும் வரலாமாண்ணா? தோத்தா தட்டுவடை செட்டு வாங்கித் தரணும்னு சொல்றாங்களே?

வா. மொத மாசம் தோக்கறவங்க வாங்க வேண்டாம், அது ரூலு. அதுக்கப்புறம் அடுத்தவங்க மாதிரிதான், பத்து மேட்ச்சுக்கு ஒரு செட்டு. ஒன்னு சொல்லிட்டேன், தின்னுட்டு கையை கழுவாம பேடை தொடக் கூடாது, போன மாசம் எவனோ காரச் சட்னியோட தொட்டு என் ஹெவி பஞ்ச் பட்டன் இன்னமும் ஒட்டுது.